தாய்மாமன் முழங்கால்

என் பெயர் சின்னப்பையன். இது நடந்தபோது வயது ஐம்பத்து மூன்று. ஆரணியில் பட்டு நெசவு. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கட்டையை மாற்றி மாற்றி மிதித்தே பிழைத்தவன். ஆனால் இந்தக் கதைக்கு நாயகன் நான் அல்ல, என் வலது முழங்கால். பஸ் ஸ்டாண்டில் படம் மாட்டும் அளவுக்கு எங்கள் வம்சத்தில் பெயர் வாங்கியது அது ஒன்றுதான். மாட்டிய படம் இடது முழங்காலுடையது என்பது வேறு விஷயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருடம் பொங்கல் கழிந்த கையோடு வலி ஆரம்பித்தது. காலை மடக்கினால் பொரி வறுபடுகிற மாதிரி சத்தம். குழிக்குள் இறங்குவதில் கஷ்டமே இல்லை. விட்டால் நானே விழுந்து விடுவேன். ஏறுவதுதான் முடியவில்லை. என் மனைவி பச்சையம்மாள் ஒரு கையையும் பக்கத்துத் தறிக்காரர் ஒரு கையையும் பிடித்துக் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குவது போலத் தூக்குவார்கள். நாளுக்கு நாலு தடவை தூக்க அவர்களுக்கும் வேலை இருக்கிறதே என்று, மத்தியானச் சாப்பாட்டைக் குழிக்கே கொண்டுவரச் சொன்னேன்.

"ராத்திரிக்குப் பாயும் தலகாணியும் உள்ளயே போட்டுடட்டுமா?" என்று கேட்டாள் பச்சையம்மாள்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆடி மாதம் வந்துகொண்டிருந்ததுதான் என்னை வாட்டியது. என் தங்கை கன்னியம்மாவைச் சேத்துப்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தையில்லாமல் இருந்து, படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு பெண் பிறந்தது. அம்மன் பெயரையே வைத்து ரேணு என்று கூப்பிடுகிறார்கள். ஆடியில் படவேட்டுக் கோயிலில் வைத்துக் காது குத்துவதாக வேண்டுதல். காது குத்தும்போது தாய்மாமன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழந்தைக்குச் சொந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

எனக்கு அடுத்தபடியாக மாமன் முறையுள்ளவன் என் சித்தப்பா மகன் தருமன். என்னைவிட மூன்று வயது இளையவன். சொசைட்டியில் நூல் நிறுத்துக் கொடுக்கிற உத்தியோகம். என் முழங்கால் செய்தி கேட்டதும் அவனுக்கு முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அண்ணனுக்கு முடியலன்னா இன்னா, நான் கீறேன். என்துல்லாம் இரும்பு முட்டி" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அது சேத்துப்பட்டு வரைக்கும் போய்விட்டது. தங்கை வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு நூல் வாங்க வந்தபோது என்னிடமே கேட்டார்.

"மச்சான், எங்க ஆளுங்கல்லாம் கேக்கறாங்க. பொண்ணு ஊட்டு மாமனுக்கு நாக்காலி போடணுமா, பாய் போடணுமான்னு."

"பாய் போடுங்க மாப்ள" என்று சொன்னேன். சொல்லும்போது குழிக்குள் இருந்தேன். அவர் போகும் வரை ஏறவில்லை.

இந்த நிலைமையில்தான் ஆரணி வட்டார முழங்கால் நலக் குழு உதயமாயிற்று.

குழுவின் தலைவர் ஜெயவேல். அரிசி மில் வைத்திருக்கிறார். அதே குழு முந்தின வருடம் கண் நலக் குழுவாக இருந்தது. கண்கள் எல்லாம் முடிந்துவிட்டதால் முழங்காலுக்கு இறங்கியிருந்தார்கள். பழைய துணிப் பேனரில் 'கண்' என்ற எழுத்தை அழித்து 'முழங்கால்' என்று நெருக்கி எழுதியிருந்தார்கள். நடுவில் வரைந்திருந்த பெரிய கண்ணை மட்டும் அழிக்கவில்லை. அழித்தால் துணி கிழிந்துவிடுமாம். 'மாபெரும் இலவச முழங்கால் ஊசி முகாம். ஒரே ஊசி, ஓடிப் போகும் வலி' என்ற எழுத்துக்கு மேலே அந்தக் கண் எங்கள் தெருவையே முறைத்துக்கொண்டிருந்தது.

ஜெயவேல் வீட்டுக்கே வந்தார்.

"சின்னப்பையா, ஒனக்கு எத்தினி முட்டி வலிக்குது?"

"ஒண்ணுதாங்க. வலது."

அவர் முகம் வாடிவிட்டது. "எங்களுக்கு முட்டி கணக்குலதான் டார்கெட் குடுத்துகிறாங்க. இருநூறு முட்டி காட்டணும். ஒத்த முட்டியா வந்தா நான் எங்க போறது. இடது லேசா கூட வலிக்கலியா? பொறுமையா யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்ட மரியாதைக்கு லேசாக வலிக்கிற மாதிரியும் இருந்தது. பச்சையம்மாள் குறுக்கே வந்து, "ஒண்ணையே தூக்கி மாளல" என்று சொல்லிவிட்டாள்.

முகாம் வைகாசியில், ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூட மைதானத்தில். நல்ல பந்தல். மைக் செட்டு. வாசலில் இருந்த தொண்டர் என் பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, "சின்னப் பசங்களுக்கெல்லாம் ஊசி கெடையாது" என்றார். நான்தான் அந்தச் சின்னப்பையன் என்று புரிய வைத்து உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பக்கம் நாற்காலி வரிசை. இன்னொரு பக்கம் தரையில் பாய். நாற்காலியில் வங்கி மேனேஜர், மளிகை மண்டிக்காரர், குழு உறுப்பினர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கும் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலிக்காரர்களான எங்களுக்குப் பாய். நான் தொண்டரிடம் கேட்டேன்.

"நாற்காலிலாம் வந்தவங்களைக் கவுரவப்படுத்தறதுக்கு" என்றார். "நீங்க பயன் பெற வந்தவங்க. பயன் பெறுவோர் பாயிலன்னு குழுவுல தீர்மானம் போட்டுகிறோம்."

தீர்மானமே போட்டிருக்கும்போது நான் யார். ஆளுக்கு ஆள் கைகொடுத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, முனகி, சரிந்து, ஒரு வழியாக எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கு முன் வரிசை. தருமனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். பாயிலும் உட்காராமல், நாற்காலியும் கிடைக்காமல், பந்தல் காலில் சாய்ந்து நின்றான். "உக்காரேன்டா" என்றேன். "எனக்கு இன்னாத்துக்குண்ணே, நான் எவ்ளோ நேரம் வேணும்னாலும் நின்னுகினே இருப்பேன்" என்றான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் வேலூரிலிருந்து வரவேண்டும். மூட்டு நலத் திட்டத்தின் தனி அலுவலர். அவர் வரும் வரை ஊசி போடக்கூடாது, வந்து அவர் விளக்கேற்றிய பிறகுதான் ஊசி. வெயில் ஏறியது. அவர் வரவில்லை. எங்கள் முழங்கால்கள் மடங்கிய நிலையிலேயே இறுகி, ஒவ்வொன்றும் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டன. ஊசி போடுகிற டாக்டர் எல்லப்பன் இரண்டு தடவை வந்து பார்த்தார்.

"இவங்களை யாருய்யா தரையில உக்கார வெச்சது?" என்று கேட்டார்.

"குழு" என்றார் ஜெயவேல், தான் வேறு யாரோ என்பது போல.

கடைசியில் ஜீப் வந்தது. மேளம் கொட்டினார்கள். ஜெயவேல் மைக்கைப் பிடித்தார். "நமது தனி அலுவலர் அவர்களை அனைவரும் எழுந்து நின்று வரவேற்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

நாற்காலிக்காரர்கள் எழுந்தார்கள். பாயில் ஒருவர்கூட எழவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை. நான் இரண்டு கையையும் ஊன்றிப் பாதி தூரம் கிளம்பி, திரும்ப உட்கார்ந்தேன். பந்தல் முழுக்க அதேதான். ஒரு பெரிய அலை எழும்பப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று படுத்துவிட்டது.

ஜெயவேல் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை கேட்கும்போது குரலில் பணிவு இல்லை. நாங்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

அந்த வருடம் பட்டு நூல் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. நெசவாளிகள் எங்கே எப்போது உட்கார்ந்து மறியல் செய்வார்களோ என்று அதிகாரிகளுக்குத் தூக்கமில்லாத சமயம். தனி அலுவலர் எங்களைப் பார்த்தார். வாயைத் திறக்காமல், நகராமல், வரிசையாக உட்கார்ந்திருக்கிற நெசவாளிகள். அவர் முகம் வெளுத்தது. மாலையைக் கழற்றி உதவியாளரிடம் கொடுத்தார்.

"இது எப்ப முடிவு பண்ணது?" என்று ஜெயவேலைக் கேட்டார்.

"ஐயா, அவங்களுக்கு முட்டி வலிங்க."

"அது வெளியில சொல்ற காரணம்" என்றார் அலுவலர். மைக்கை வாங்கினார்.

"அன்பார்ந்த நெசவாளப் பெருமக்களே. நான் ஐந்து மாவட்டங்களில் பணியாற்றியவன். உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் யாரிடமும் கேட்பதில்லை. நூல் விலை உங்களை வாட்டுகிறது என்பதை நாங்கள் அறிவோம். அறிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதை இன்னும் ஆழமாக அறிவதற்காக ஒரு குழு அமைக்கப்படும் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆகவே எழுந்திருங்கள்."

யாரும் எழவில்லை.

"குழுவில் நெசவாளர் ஒருவரும் இருப்பார். எழுந்திருங்கள்."

எழவில்லை.

"இரண்டு பேர் இருப்பார்கள்." அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். முன் வரிசையில் உட்கார்ந்தவன் தலைவன் என்பது அவர் அனுபவம். "நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ஐயா, எங்களைக் கொஞ்சம் தூக்கி விடணுங்க" என்றேன்.

அவர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கய்யா. நெசவாளர் சமுதாயத்தைத் தூக்கி விட வேண்டும் என்பது பிரதான கோரிக்கை."

எழுதிக்கொண்டார்கள். உட்கார்ந்த நிலையிலேயே இருந்த எங்களை அலுவலர் கும்பிட்டு, இன்னொரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார். விளக்கு ஏற்றவே இல்லை. அவர் போனதும் தொண்டர்கள் ஒவ்வொருவராக எங்களைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி மேஜைக்கு இழுத்துப் போனார்கள். பாயை விட்டுப் போன ஒவ்வொருவரையும், போராட்டம் வாபஸ் என்று அலுவலர் காவலுக்கு விட்டுப் போன போலீஸ்காரர் எண்ணிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எல்லப்பன் சுருக்கமாகப் பேசுகிறவர். ஊசிக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டு என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று ஜெயவேல் பக்கத்தில் நின்று மைக்கில் எடுத்துச் சொன்னார்.

"இத பாருங்க, மூட்டுல ஜவ்வு தேஞ்சது தேஞ்சதுதான். ஊசி போட்டா அது புதுசா மொளைக்காது" என்றார் டாக்டர்.

"ஊசி போட்டவுடன் மூட்டு புதுசு போல் ஆகிவிடும் என்கிறார் டாக்டர்" என்றது மைக்.

"வீக்கத்தையும் வலியையும் அடக்கற மருந்து இது. சில பேருக்கு ஒண்ணரை மாசம் ரெண்டு மாசம் நல்லா கேக்கும். சில பேருக்கு மூணு மாசம். சில பேருக்குக் கேக்கவே கேக்காது."

"பலருக்கும் நல்ல குணம் தெரியும் என்கிறார்."

"இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் வலி இப்ப கீறத விட ஜாஸ்தியாகலாம். பயப்படாதீங்க, ஈரத்துணி போடுங்க, அடங்கிடும். அதுக்கப்பாலயும் முட்டி செவந்து, சூடா கொதிச்சு, ஜுரம் வந்துச்சுன்னா மட்டும் ஒடனே ஓடி வந்துடணும். சர்க்கரை கீறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. கொஞ்ச நாளைக்கு ஏறும்."

ஜெயவேல் மைக்கைக் கையால் மூடினார். "டாக்டர், விழாவுல ஏன் ஜுரம் கிரம்னுட்டு. ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

"ரெண்டு நாளைக்குத் தறியில எறங்காதீங்க" என்றார் டாக்டர். "குந்தாதீங்க, சம்மணம் போடாதீங்க. தொடைக்குப் பயிற்சி சொல்லித் தரேன், தெனமும் செய்யுங்க. நெனச்சப்பல்லாம் ஊசி போட முடியாது. அடுத்த ஊசிக்கு மூணு மாசமாவது போகணும். இதான் நல்ல வார்த்தை."

"ஒரே ஊசி, ஆயுசுக்கும் நிம்மதி என்று டாக்டர் வாழ்த்துகிறார்" என்றது மைக். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். டாக்டர் சொன்னது ஒரு காதிலும் மைக் சொன்னது இன்னொரு காதிலும் விழுந்தது. நான் நம்பியது மைக்கை. மைக்குக்குச் சத்தம் அதிகம்.

ஊசி பெரிதாகத்தான் இருந்தது. முதலில் முட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் நீரை இழுத்தார்கள். பிறகு மருந்து. சுருக்கென்று ஒரு குத்து, அப்புறம் உள்ளே ஏதோ கனமாக நிரம்புகிற மாதிரி. அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்திருந்த வலிக்கு இது ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி வலி கூடியது. ஜெயவேல் என்னை ஏமாற்றிவிட்டதாகவும், எனக்குக் கால் போய்விட்டதாகவும், தருமன் மடியில் குழந்தை சிரிப்பதாகவும் புலம்பினேன். பச்சையம்மாள் ஈரத்துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டே, "டாக்டர் முன்னாடியே சொன்னாரில்ல" என்றாள். அவள் மைக்கைக் கேட்கவில்லை. டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகுதான், எழுந்து போய் வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. தறிக்குழியில் இறங்கினேன். ஏறினேன். மறுபடி இறங்கி மறுபடி ஏறினேன். நெய்வதற்காக இல்லை, ஏறுவதற்காகவே இறங்கினேன். பிறகு தருமன் வீட்டுக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, திரும்பி வந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் செய்கிற காரியமா என்று கேட்டால், என் பெயர் அப்படி.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் குழுவுக்கு ஒரு வெற்றி விழா தேவைப்பட்டது. ஊசி போட்டவர்களை விசாரித்ததில், டாக்டர் சொன்னபடியே, பாதிப் பேருக்குப் பரவாயில்லை, கொஞ்சம் பேருக்குச் சுமார், மிச்சப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படிக் கலவையாக இருப்பதை விழாவாகக் கொண்டாட முடியாது. முழுசாகக் குணமான ஒரு முழங்கால் வேண்டும். என்னைத் தேடி வந்தார்கள்.

போட்டோக்காரர் வந்தார். என் வலது முழங்காலைப் பார்த்துவிட்டு, "இது படத்துல எடுபடாது, இடது கொஞ்சம் களையா கீது" என்று இடதைப் பிடித்தார். 'குணமடைந்த முழங்கால்' என்று அது பஸ் ஸ்டாண்டில் மாட்டப்பட்டது. முகம் இல்லை, பெயர் இல்லை. ஆனாலும் நான் தினமும் ஏதாவது சாக்கில் அந்தப் பக்கம் போய், படத்துக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

விழாவில் முழங்கால் சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது, குணமானது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார் ஜெயவேல். "மேடையில தோப்புக்கரணம் போடு. பாக்கறவன் அசந்துடணும்."

"டாக்டர் குந்தக் கூடாதுன்னாருங்களே."

"டாக்டர் சொன்னது எழுத்து மூலமா குழுவுக்கு வரல. வந்தா பரிசீலிப்போம்."

ஒத்திகை அரிசி மில் களத்தில் நடந்தது. முதலில் குழுவுக்குப் போட்டுக் காட்டினேன். பிறகு மில்லுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வங்கி மேனேஜருக்குப் போட்டேன். நெல் வியாபாரிக்குப் போட்டேன். ஜெயவேல் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபிக்கும் பஜ்ஜிக்கும் நடுவில் போட்டேன். அவர்கள் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அந்தக் கைதட்டலுக்காகவே, கேட்டதற்கு மேல் இரண்டு கூடுதலாகப் போட்டேன். தனி அலுவலருக்கு நேரம் கிடைக்காமல் விழா தள்ளிப் போனது. தள்ளிப் போகப் போக ஒத்திகை நீண்டது. ஆனி முடிகிற சமயத்தில் முழங்காலுக்குள் பழைய பொரிச் சத்தம் லேசாகக் கேட்டது. மில் ஓடுகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாள் வந்தது. தனி அலுவலரும் வந்தார். ஜெயவேல் மைக்கில், "பாயிலிருந்து எழ முடியாமல் இருந்தவர், இதோ பாருங்கள்" என்றார். நான் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்தேன். கைதட்டல். உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். முழங்காலில் எழுந்த சத்தத்தைப் பக்கத்தில் இருந்த மைக் ஊருக்கே எடுத்துச் சொன்னது.

இரண்டு கையும் காதில் இருக்க, மேடை நடுவில், அலுவலருக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மறுபடியுமா?" என்றார் மெதுவாக. பிறகு எழுந்து மைக்கைப் பிடித்து, நூல் விலைக் குழு ஏற்கனவே ஒரு முறை கூடிவிட்டது என்றும், அடுத்து எப்போது கூடுவது என்பது குறித்து மீண்டும் கூடும் என்றும் அறிவித்தார்.

மறுநாள் நொண்டிக்கொண்டே ஜெயவேலிடம் போனேன். இன்னொரு ஊசிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னேன்.

"அதெப்படிப்பா முடியும்? ஒன் வலது முட்டி கொணமாயிடுச்சுன்னு வேலூருக்குச் சொல்லியாச்சு. கொணமான முட்டி வலிச்சா அது குழுவுக்கு எதிரா போறதா ஆயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது இன்னும் அப்படியேதான கீது? அத எடுத்துகினு வா, பாக்கலாம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எல்லப்பன் முட்டியை அழுத்திப் பார்த்தார். ஒத்திகை விவரம் முழுவதையும் கேட்டார்.

"ஊசி வேலை செஞ்சுது. நீதான் அதுக்கு வேலை வெச்சுட்ட. மூணு மாசம் ஆகட்டும், அப்பால பாக்கலாம். தொடைப் பயிற்சி செஞ்சியா?"

"தோப்புக்கரணந்தாங்க செஞ்சேன்."

"எப்ப காதுகுத்து?"

"அடுத்த வெள்ளிக்கெழமைங்க."

"நாக்காலியில உக்காந்து மடியில வெச்சுக்க. அம்மன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டா."

"அம்மன் இல்லீங்க" என்றேன். "சேத்துப்பட்டு ஆளுங்க கீறாங்களே."

படவேட்டுக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். கோயிலுக்கு வெளியே மரத்தடியில் பாய் விரித்திருந்தது. அய்யாக்கண்ணு பக்கத்து ஆட்கள் சுற்றி நின்று பாயையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தருமன் புது வேட்டியில், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நின்றிருந்தான். பச்சையம்மாள் என் காதருகே, "இன்னாய்யா, வேன்ல ஒரு ஸ்டூல் கீது, கொண்டாரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். நன்றாகவே உட்கார்ந்தேன். தறிக்குழியில் இறங்கின பழக்கம்.

ரேணுவை மடியில் வைத்தார்கள். ரெண்டு வயசுதான், ஆனால் நல்ல கனம். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டு அழுது, என் மூக்கைப் பிடித்துக் கிள்ளி, கன்னியம்மாவிடம் தாவிப் போய்விட்டது. அந்த நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி குழந்தைக்காக. மீதி முழங்காலுக்காக.

எல்லோரும் நான் எழுந்திருப்பதற்குக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

அய்யாக்கண்ணு ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எழவில்லை. அவர் தன் ஆட்களைப் பார்த்தார். தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். ஒரு வேட்டி வந்தது. வாங்கிக்கொண்டேன். எழவில்லை. முகத்தை அசைக்காமல் வைத்திருந்தேன். அசைத்தால் முனகல் வந்துவிடும்.

"மாமன் லேசுப்பட்ட ஆளில்ல போலக்குதே" என்றார் பின்னால் ஒருவர், மரியாதையாக.

பட்டுத் துண்டு வந்தது. நான் நெய்ததுதான், சொசைட்டி வழியாகப் போய்ச் சுற்றி வந்திருந்தது. அதையும் போட்டுக்கொண்டேன். அய்யாக்கண்ணுவுக்கு வியர்த்துவிட்டது. தனி அலுவலர் முகத்தில் பார்த்த அதே வியர்வை.

"மச்சான், சபையில வெச்சு என்ன இப்படிப் பண்றீங்களே. மொறையில இன்னா கொறை வெச்சேன்? எதுவானாலும் வாயத் தொறந்து கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றத் தொடங்கினார். அது கல்யாணத்தில் என் அப்பா அவருக்குப் போட்ட மோதிரம்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "மாப்ள, மோதிரம்லாம் வேணாம். கை குடுங்க" என்றேன். "எழுந்துக்க முடியல."

முதலில் சிரித்தது கன்னியம்மா. அவள் சிரித்ததும் சேத்துப்பட்டே சிரித்தது. அய்யாக்கண்ணு மோதிரத்தை அவசரமாகத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

தருமன் முன்னால் வந்தான். இத்தனை மாதமாகக் காத்திருந்த நேரம் அவனுக்கு.

"இதத்தான நான் அப்பவே சொன்னேன். முடியலன்னா உட்டுக் குடுக்கறதுக்கு இன்னாண்ணே? நகருங்க மாப்ள, நான் தூக்கறேன்."

எனக்கு முன்னால் குனிந்தான். என் இரண்டு கக்கத்திலும் கை கொடுப்பதற்காக முட்டியை மடித்தான். பொரி வறுபட்டது. என்னுடையது இல்லை. அவன் முகம் கோணி, மெதுவாகச் சாய்ந்து, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகாமில் அவன் ஏன் கடைசி வரைக்கும் உட்காராமலே நின்றான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஜெயவேல் இல்லாமயே முகாம் ஆரம்பிச்சாச்சு" என்றாள் பச்சையம்மாள். ஸ்டூலை எடுக்க வேன் பக்கம் போனாள்.

அய்யாக்கண்ணு தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் தருமன் கையிலும் கொடுத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. நாங்கள் இருவரும் வெற்றிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் தருமன் கேட்டான்.

"அண்ணே, அந்த ஊசி போடற டாக்டர் எந்தக் கெழமை வராரு?"

"புதன்கெழமை" என்றேன். "பாயில மட்டும் உக்காந்துடாத."